மேற்குப் பக்கத்து ஓடுகள்

கூரை ஓடு திருப்புவதற்கு மே மாதம்தான் சரியான மாதம். ஏப்ரலில் செய்தால் மழைக்கு முன் குரங்குகள் எல்லாவற்றையும் கலைத்துவிடும். ஜூனில் ஆள் கிடைக்காது. மே இரண்டாவது வாரம், மாங்காய் உப்பில் விழுந்து, காய்ந்த மீன் பானைக்குள் போன பிறகு, கோவாவில் ஓட்டு வீடு வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஏணியைத் தேடுவார்கள். ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாசி சுரண்டி, உடைந்ததை மாற்றி, மறுபடி வரிசையாக அடுக்குவார்கள். இரண்டு நாள் வேலை. வருடா வருடம் அதைச் செய்தால் வீடு நூறு வருடம் நிற்கும்.

செய்யாவிட்டால் மூன்று மழைக்காலம்.

இதை முதலில் எழுதக் காரணம், இன்ஸ்பெக்டர் பாப், நீங்கள் அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்தவர். நேற்று நான் ஸ்டேஷனுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது, "ஓட்டை நகர்த்தினா ஆள் எப்படி அங்கிள் சாவாங்க?" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. பிறகு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்கள். "வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் பொறுமையா எழுதிக் கொண்டாங்க. அப்புறமும் இதையேதான் சொல்றீங்களான்னு பார்ப்போம்" என்றீர்கள். எனக்குக் காய்ச்சல் இல்லை. பொறுமையாகவே எழுதுகிறேன்.

என் பெயர் ரொஜேரியு கொலாசு. வயது அறுபத்தாறு. பொதுப்பணித் துறையில் முப்பத்தொரு வருடம் ஓவர்சியராக இருந்தவன். மனைவி இல்லை. மகன் கப்பலில் இருக்கிறான். சொர்வோடியில் 'டாக்டர் வீடு' என்று எல்லோரும் சொல்லும் பழைய மாளிகையைச் சீர் செய்து ஊருக்குத் திறந்து வைத்த கமிட்டிக்கு நான் செயலாளர்.

அந்த வீட்டை உங்களுக்குத் தெரியும். உங்கள் மகளின் முதல் நற்கருணை விருந்து அதன் மாடியில்தான் நடந்தது. கீழே நூலகம் இருக்கிறது. பெண்கள் சங்கத்தின் ஊறுகாய்க் கடை, தபால் நிலையம், பிள்ளைகளுக்கு வயலின் வகுப்பு எல்லாம் இருக்கின்றன. மேற்குப் பக்கம் காபிக் கடை. சனி, ஞாயிறில் மும்பைக்காரர்கள் காரை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள். முப்பத்தேழு பேருக்கு அங்கே வேலை. ஜூலை மழையிலும் ஒரு சொட்டு ஒழுகாது. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் கைக்கு வந்தபோது அது அப்படி இல்லை. சமையலறைக்குள் ஒரு மாமரம் வளர்ந்து கூரைக்கு வெளியே காய்த்துக்கொண்டிருந்தது. மாடிப் படிகளைக் கரையான் தின்றிருந்தது. டாக்டரின் பேரப்பிள்ளைகள் லிஸ்பனில் இருந்தார்கள். வீட்டை ஊருக்கே எழுதித் தருகிறோம், ஐந்து வருடத்துக்குள் சீர் செய்து திறந்துவிடுங்கள், முடியாவிட்டால் ஓட்டல்காரருக்கு விற்றுவிடுவோம் என்று கடிதம் எழுதினார்கள். பூசை முடிந்து பங்குத் தந்தை அந்தக் கடிதத்தை வாசித்தபோது கோயிலே கை தட்டியது.

முழு வீட்டிலும் நன்றாக இருந்தது மேற்குப் பக்கம் மட்டும்தான். அதற்குக் காரணம் இனாஸ்.

அவர் தையல்காரர். கைவேலைக்காரரை எங்கள் ஊரில் 'மெஸ்த்' என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். மெஸ்த் இனாஸின் அப்பா டாக்டருக்குக் கோட்டு தைத்தவர். குடியிருக்க அந்த மேற்கு அறையை டாக்டர் கொடுத்தார். இனாஸ் அங்கேதான் பிறந்தார், கல்யாணம் செய்துகொள்ளாமல் அங்கேயே அறுபத்து மூன்று வயதானார். நில உடைமைக்காரர் குடியமர்த்தியவரை வெளியே அனுப்ப முடியாது, சட்டம் அவர் பக்கம். மனிதன் படுத்துத் தூங்குகிற அறைக்குக் கூரை ஒழுகாது. மேலே ஓடு நகர்ந்தால் கீழே அவனுக்குத்தான் முதலில் தெரியும்.

அந்த அறைக்கு, கண்ணாடிக்குப் பதில் மெல்லிய சிப்பித் தகடு பதித்த இரண்டு ஜன்னல்கள். கோயில் மைதானத்தைப் பார்த்தவை. மாலை வெளிச்சம் சிப்பி வழியாகப் பால் மாதிரி உள்ளே இறங்கும்.

மும்பையிலிருந்து ஒரு காபிக் கடைக்காரர் வந்தார். முழு வீட்டையும் பத்து நிமிடத்தில் சுற்றினார். இனாஸின் அறையில் மட்டும் கால் மணி நேரம் நின்றார். "இந்த ரூம் கிடைச்சா மீதி வீட்டு வேலைக்கு நான் பொறுப்பு. இல்லைன்னா எனக்கு இதுல ஒண்ணுமில்லை" என்றார். மற்றவர்கள் யாரும் எங்களுக்கு அப்படி ஒரு பதில் தந்திருக்கவில்லை. அரசாங்கத்துக்கு நாங்கள் எழுதிய கடிதங்கள் மட்டும் ஒரு பெட்டி இருந்தன.

கமிட்டித் தலைவர் எஸ்பெரான்சா டீச்சரும் நானும் இனாஸிடம் பேசப் போனோம். அவர் யாருக்கோ கோட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பின்பக்கம் இதைவிடப் பெரிய ரூம் தர்றோம், மெஸ்த்" என்றார் டீச்சர். "புதுக் குளியலறை, டைல்ஸ், எல்லாம் உண்டு."

"டைல்ஸ் மேல ஊசி கோக்க முடியுமா டீச்சர்? எனக்கு வெளிச்சம் வேணும். செத்தவனுக்குக்கூடக் கோட்டு தைக்கிறேன். இருட்டுல தைச்சேன்னா மேல போய் நின்னு, இடது கை நீளம்னு என் மேல புகார் குடுப்பான்."

டீச்சர் சிரித்துவிட்டார். இனாஸ் என் பக்கம் திரும்பினார்.

"ஏய் ஓவர்சியர், எனக்கு ஒண்ணு சொல்லு. காபி குடிக்கறவனுக்கு எதுக்கு ஜன்னல்? வாய் இருந்தா போதாதா?"

நானும் சிரித்தேன். என் கல்யாணக் கோட்டு அவர் தைத்தது. முப்பது வருடம் கழித்தும் தோளில் ஒரு சுருக்கம் விழவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. அன்றும் கிடையாது, பிறகும் கிடையாது. இதை நீங்கள் நம்புவது முக்கியம் என்று எனக்குப் படுகிறது. ஏன் என்று தெரியவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுத் தகராறு வந்தால் யாரும் கத்தி எடுக்க மாட்டார்கள். ஏணி எடுப்பார்கள். பங்கு பிரிக்க முடியாத அண்ணன் தம்பி, குடியிருப்பவரைக் கிளப்ப முடியாத உடைமைக்காரர், எல்லோருக்கும் தெரிந்த வழி அது. மேலே ஏறி நாலு ஓட்டை ஒரு விரல் அகலம் நகர்த்தினால் போதும். மீதி வேலையை மழை பார்த்துக்கொள்ளும். கீழே இருப்பவர் தானாகவே பாயைச் சுருட்டுவார். கோர்ட்டும் இல்லை, சண்டையும் இல்லை. இது நல்ல காரியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செய்தவனைக் கொலைகாரன் என்றும் யாரும் சொன்னதில்லை.

முதல் மே மாதம், முழு வீட்டுக்கும் ஓடு திருப்பும் வேலையைக் கமிட்டியே செய்யும் என்று நான் தீர்மானம் கொண்டுவந்தேன். இனாஸுக்கும் சேர்த்து. எல்லோருக்கும் சந்தோஷம். ஓட்டு வேலைக்காரன் பொஸ்தியாவ் ஏணியோடு வந்தான். என்னை அவன் 'பத்ராவ்', முதலாளி, என்றுதான் கூப்பிடுவான்.

"மேற்குப் பக்கம் நீ ஏறாதே. மரம் உளுத்துப்போச்சு" என்றேன். "நான் பார்த்துக்கறேன்."

"நீங்களா? பத்ராவ், ஆபீஸ் நாற்காலியை விட்டா வேற எதுல ஏறியிருக்கீங்க?"

"உன்னை விடப் பாதி எடை நான். நீ விழுந்தா உன் அஞ்சு பிள்ளைங்களுக்கு யார் கஞ்சி ஊத்தறது?"

"அதுவும் சரிதான். நீங்க விழுந்தா கமிட்டி ஊத்தும்" என்று சொல்லிவிட்டு அவன் கிழக்குப் பக்கம் போனான்.

மரம் உளுத்திருக்கவில்லை. டாக்டர் காலத்துத் தேக்கு. தட்டினால் மணி மாதிரி கேட்டது.

ஏணியை இனாஸ்தான் பிடித்துக்கொண்டார். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்.

"பார்த்து வைடா காலை. விழுந்தேன்னா பரவாயில்லை, கறுப்புக் கோட்டுக்கு உன் அளவு எங்கிட்ட இருக்கு. ஆனா அப்ப உனக்கு இந்தத் தொப்பை கிடையாது. பிரிச்சுத் தைக்கணும்."

நான் எல்லா ஓடுகளையும் ஒழுங்காகத் திருப்பினேன். பாசி சுரண்டினேன். பத்தொன்பது ஓடு மாற்றினேன். ஆறு ஓடுகளை மட்டும் சற்று நகர்த்தி வைத்தேன். அவர் கட்டிலுக்கு மேலே மூன்று, வெட்டுமேசைக்கு மேலே மூன்று. இறங்கியதும் அவர் எனக்கு எலுமிச்சை சர்பத் கலந்து கொடுத்தார்.

அந்த மழைக்காலத்தில் அவர் போகவில்லை. மேசையை நகர்த்தினார், கட்டிலை நகர்த்தினார், சொட்டுகிற இடத்திலெல்லாம் பாத்திரம் வைத்தார். ஆகஸ்டில் ஒருநாள் உப்பு மீன் கொண்டுபோனேன். வாசலில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உஷ். கேளு. இந்தச் சட்டி 'தோ' சுரம். அந்தத் தகரம் 'சோல்'. மூலையில குண்டான் 'மி'. இன்னும் நாலு இடம் ஒழுகினா முழுப் பூசைப் பாட்டே வாசிச்சுடலாம். உன் வேலை சுத்தம்டா ஓவர்சியர். முப்பத்தொரு வருஷம் நீ கட்டின பாலத்து மேல நான் நடந்திருக்கேனேன்னு நெனச்சா இப்ப கால் நடுங்குது."

"அடுத்த மே மாசம் சரியாப் பண்ணிடறேன், மெஸ்த்."

"பண்ணு பண்ணு. நீ என்ன வேணும்னேவா பண்ணினே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும், அன்றே போய் அந்த ஆறு ஓடுகளையும் சரி செய்துவிடலாம் என்று ஏணியை வெளியே எடுத்தேன். மழை விடட்டும் என்று சுவரோரம் சாய்த்து வைத்தேன். மழை மூன்று வாரம் விடவில்லை.

இரண்டாவது மே மாதம் நான் சொன்னபடியே செய்தேன். ஆறு ஓடுகளையும் சரியாக வைத்தேன். அந்த வருடம் அவர் அறைக்குள் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. ஊரெல்லாம் சொல்லி என்னைப் புகழ்ந்தார்.

இங்கே கொஞ்சம் வேலை நுணுக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பழைய வீடுகளின் சுவர் செம்புரைக்கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பிடிப்பு வெறும் செம்மண்தான். வெளியே சுண்ணாம்புப் பூச்சு அதை மூடிக் காப்பாற்றுகிறது. சுவரின் தலையில் தண்ணீர் படாத வரை அது மலை. தலையில் பட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, நடுவிலிருக்கும் மண்ணைக் கரைத்துக் கீழே கொண்டுபோகும். வெளியே ஒன்றும் தெரியாது. அறைக்குள் சொட்டாது. பாத்திரம் வைக்க இடம் இருக்காது.

அறைக்குள் சொட்டினால் மனிதன் பாத்திரம் வைக்கிறான் என்பதை முதல் வருடம் கற்றுக்கொண்டேன். ஆகவே இரண்டாவது வருடம் அவர் அறையின் உட்சுவரின் தலைக்கு மேலே இருந்த ஓடுகளை எடுத்தேன். கூரையின் இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்துக்குக் கீழே, ஐந்து ஓடுகள். கீழேயிருந்து பார்த்தாலும் தெரியாது, கிழக்குப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியாது.

என் நோக்கம் இதுதான். சுவரில் விரிசல் விழும். பஞ்சாயத்து இன்ஜினியர் வந்து பார்த்து, குடியிருக்க ஆபத்தான அறை என்று எழுதுவார். அப்போது இனாஸ் போயே ஆக வேண்டும். போவது அவருக்கும் நல்லது. சுவரை நாங்கள் மறுபடி கட்டிக்கொள்வோம். யாருக்கும் நஷ்டமில்லை. அப்போது நான் இப்படித்தான் யோசித்தேன். இன்றைக்கு எழுதிப் பார்த்தாலும் இதில் பெரிய தப்பு ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

அந்த ஜூலையில் இனாஸ் கேட்டார், "மறுபடி ஒழுகுமோன்னு பயமா இருக்கு. கட்டிலை எங்கடா போடறது?"

"அந்த உட்சுவர் ஓரம் போடுங்க. ஒரு கெஜம் அகலம். காத்தும் வராது, சாரலும் வராது."

கட்டில் கனமாக இருந்தது. நானே ஒரு பக்கம் பிடித்தேன்.

மூன்றாவது வருடம் ஏப்ரலில் இன்ஜினியர் வந்தார். சுண்ணாம்பில் மெல்லிய விரிசல்கள் ஓடியிருந்தன. எதிர்பார்த்த கடிதம் வந்தது. இனாஸ் அதைக் கண்ணாடி போட்டு மூன்று தடவை வாசித்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் ஜோக் அடிக்கவில்லை.

மே மாதம் முழுக்க அவர் யோசித்தார். அந்த ஐந்து ஓடுகளை நான் திருப்பி வைக்கவில்லை. ஜூன் இரண்டாவது வாரம், மழை ஆரம்பித்த பிறகு, குடையோடு கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தார். ஓரத்தில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஈரத்தில் இருமல் பிடித்திருந்தது.

"நான் போறேன்" என்றார். "மழை முடியற வரைக்கும், நீங்க சுவர் கட்டற வரைக்கும், எங்க வேணா போய் இருக்கேன். ஆனா திரும்பி அதே ரூமுக்கு வருவேன். அதே ஜன்னல். எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். என் அப்பன் செத்த ரூம், டீச்சர். நானும் அங்கதான் சாகணும்னு இருக்கேன். காபி வாசனையில சாக எனக்கு இஷ்டமில்லை."

எஸ்பெரான்சா டீச்சர் எழுந்தார்.

"காபிக்காரர் போனா போறார். வேற வழி பார்ப்போம். தையல்காரரைத் துரத்திட்டு ஊருக்கு மண்டபம் கட்டினோம்னு நாளைக்குப் பிள்ளைங்க பேசக் கூடாது. கை தூக்குங்க."

எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். ஒப்பந்தத்தை எழுதும் வேலை செயலாளருக்கு வந்தது. தெளிவாக, சட்டப்படி, ஓட்டை இல்லாமல் எழுதினேன். எனக்கு நன்றாக எழுத வரும். டீச்சர் கையெழுத்துப் போட்டார், நான் போட்டேன். இனாஸ் போட்டுவிட்டால் அன்று மாலையே அவரை டீச்சரின் வீட்டுப் பின்னறைக்கு மாற்றுவதாக ஏற்பாடு. கட்டில் தூக்க ஆள்கூடச் சொல்லியாகிவிட்டது.

அவருடைய கையெழுத்தை வாங்க நான் போன நாள் ஜூன் இருபத்து நான்கு. சான் ஜுவாவ் பண்டிகை.

அன்றைக்கு எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆண்கள் எல்லோரும் தலையில் இலையும் பூவும் கட்டிக்கொண்டு, மேளம் அடித்து, கிணறு கிணறாகக் குதித்துக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு கிணற்றடியிலும் பழமும் பெனிச் சாராயமும் கொடுப்பார்கள். புது மாப்பிள்ளைகளைத் துணியோடு தள்ளிவிடுவார்கள். இனாஸ் அறுபது வயதிலும் குதித்தவர். அந்த வருடம் இருமலால் வரவில்லை.

மதியம் இரண்டரை மணிக்கு உட்சுவர் விழுந்தது. மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கோயில் மைதானத்துக்கு வந்தவர்கள் சிப்பி ஜன்னல் வழியாகச் சிவப்புத் தூசி வருவதைப் பார்த்தார்கள்.

தலையில் இலைக் கிரீடத்தோடு ஐம்பது ஆண்கள் கல் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். என் விரல் நகங்கள் இரண்டு பிய்ந்து போயின, இன்னும் சரியாக வளரவில்லை. பொஸ்தியாவ் அவரைக் கண்டுபிடித்தான். பிறகு கல்லின் மேல் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். "நான் ஏறியிருக்கணும், பத்ராவ். உளுத்த மரம்னு பயந்துட்டேன். நான் ஏறியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று என்னைக் கட்டிக்கொண்டான். நான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அப்போது இருந்த இன்ஸ்பெக்டரிடம் நான் கொடுத்த வாக்குமூலம் உங்கள் கோப்பில் இருக்கும். மூன்று வரி. 'காலை பத்து மணிக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.' அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மழையால் ஏற்பட்ட விபத்து என்று கோப்பு மூடப்பட்டது. காபிக்காரர் ஒரு மாதம் கழித்து வந்தார், வருத்தம் சொன்னார், அறையை எடுத்துக்கொண்டார். மற்ற வேலைகள் வேகமாக நடந்தன. ஐந்து வருடக் கெடு முடிய நாலு மாதம் இருக்கும்போது வீட்டைத் திறந்தோம். மாடி மண்டபத்துக்கு இனாஸின் பெயர் வைக்கலாம் என்று சொன்னது நான்தான். அவருடைய தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டுக் காபிக் கடை ஜன்னலோரம் வைத்திருக்கிறார்கள். பெண்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். மாலை வெளிச்சம் நன்றாக விழுகிறது.

நான் அங்கே இன்று வரை ஒரு கோப்பை காபி குடித்ததில்லை. அல்சர் என்று சொல்லியிருக்கிறேன். நாலு வருடமாக நற்கருணையும் வாங்குவதில்லை. அதற்கும் வயிற்றைத்தான் காரணம் சொன்னேன். பங்குத் தந்தை நம்பியிருக்க மாட்டார். பாவசங்கீர்த்தனத்துக்கு வரச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. போனால் ஐந்து நிமிடத்தில் மன்னித்துவிடுவார்.

ஓடு நகர்ந்து சுவர் விழுந்தால், யார் நகர்த்தியது என்று கேட்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். எந்த வீடானாலும் கேட்பார்கள். சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டே கேட்பார்கள். டாக்டர் வீட்டைப் பற்றி மட்டும் இந்த நாலு வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. முதல் வருடம் நிம்மதியாக இருந்தது. இரண்டாவது வருடம் ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பிறகு யாராவது கேட்க மாட்டார்களா என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். போன வாரம் எஸ்பெரான்சா டீச்சர் வந்து, வரும் சான் ஜுவாவ் பண்டிகைக்கு நான்தான் சிறப்பு விருந்தினர், எனக்குத்தான் முதல் இலைக் கிரீடம் என்றார். அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

இப்போது அந்த மூன்று வரி. பொய் இல்லை என்று சொன்னேன். குறைவு உண்டு. அதை நிரப்பிவிடுகிறேன்.

காலை பத்து மணிக்குப் போனேன். மழை சற்று ஓய்ந்திருந்தது. கதவு சாத்தாமல் இருந்தது. இனாஸ் உட்சுவர் ஓரம் கட்டிலில், சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். இருமி இருமி அப்போதுதான் கண் மூடியிருக்க வேண்டும், பக்கத்தில் கஷாயக் கோப்பை இன்னும் சூடாக இருந்தது. ஒப்பந்தம் என் சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. பேனாவும் இருந்தது.

சுவர் வயிறு தள்ளியிருந்தது. இடுப்பு உயரத்தில், கட்டிலின் பக்கமாக, ஒரு சாண். முந்தின வாரம் அது இல்லை. சுவரின் அடியில் தேநீர் நிறத்தில் தண்ணீர் கசிந்து கட்டில் காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. என் வேலையில் இப்படிப்பட்ட பதினொரு சுவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். உள்ளே மண் சரிவது கைக்குத் தெரிந்தது, பூனையின் வயிற்றில் கை வைத்தால் தெரியுமே, அந்த மாதிரி. அது மாலையைப் பார்க்காது என்று எனக்குத் தெரிந்தது. இதில் சந்தேகத்துக்கு இடமே வைக்க விரும்பவில்லை. எனக்குத் தெரிந்தது.

அவரை எழுப்பினால் இரண்டு காரியம் நடக்கும். அவர் கையெழுத்துப் போடுவார். பிறகு வெளியே வருவார்.

கொஞ்ச நேரம் நின்றேன். ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தேன். மேளக்காரர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். அந்த இடத்தில் நாலு மேசை போட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது, ஒரு கணம்தான். அவருடைய போர்வை தரையில் விழுந்து ஒரு ஓரம் நனைந்திருந்தது. எடுத்து, நனைந்த ஓரத்தைக் கால் பக்கம் மடித்து, கழுத்து வரை போர்த்திவிட்டேன். அவர் தூக்கத்திலேயே ஏதோ முனகி, சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டார். மேளச் சத்தம் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

ஏன் எழுப்பவில்லை என்று நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். அதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். மூன்று நாளாகக் கண்ணே மூடாத மனிதர். பாவம், அப்போதுதான் அசந்து தூங்கியிருந்தார். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.